வி.ஆர். ஹெட்செட்: பிள்ளைக்கு மாட்டிவிடும் முன் வீட்டில் செய்ய வேண்டியவை

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் தொழில் வட்டாரத்தில் காலையில் ஷூ கம்பெனி வேனில் ஏறினால் பொழுது சாய்ந்த பிறகே வீடு திரும்பும் பெற்றோர் ஏராளம். கணியம்பாடி சுற்றுவட்டாரத்திலும் அப்படித்தான். பள்ளி விடுமுறை என்றால் பிள்ளைகள் ஆயாவின் பொறுப்பு. ஆயாவுக்கு டிவி தெரியும், செல்போனும் ஓரளவு தெரியும். வி.ஆர். ஹெட்செட் என்பது கண்ணையும் காதையும் மூடிப் பிள்ளையை வேறு உலகத்துக்குள் கொண்டுபோய் விடுவது; அதற்குள் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடத் தெரியாது.

இந்தக் கருவி நம் வீடுகளுக்கு இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, செல்போனைச் செருகிப் பார்க்கும் மலிவு விலைப் பெட்டி. 2023-ல் ஐபிஎல் பார்ப்பதற்கென்று ஜியோ நிறுவனம் 1,299 ரூபாய்க்கு விற்ற ஜியோடைவ் இந்த வகை. மற்றொன்று, வளைகுடாவிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் சித்தப்பா, மாமா வாங்கி வரும் மெட்டா குவெஸ்ட் போன்ற முழுக் கருவி. எதுவாக இருந்தாலும் அது பெரியவர்களின் முகத்துக்கு அளவெடுத்தது. பிள்ளையை அதற்குப் பொருத்தக் கூடாது. அதைத்தான் பிள்ளைக்குப் பொருத்த வேண்டும்.

எந்த வயதில் தரலாம்?

மெட்டா நிறுவனம் முன்பு 13 வயது என்று வைத்திருந்தது. 2023-ல் பெற்றோர் கட்டுப்பாட்டில் இயங்கும் கணக்கு இருந்தால் 10 வயது முதல் என்று தளர்த்தியது. சோனியின் பிளேஸ்டேஷன் வி.ஆர்.2 கருவிக்கு 12 வயது, ஆப்பிள் விஷன் ப்ரோவுக்கு 13 வயது. செல்போன் பெட்டிக்குக் கணக்கும் கிடையாது, கேட்பாரும் கிடையாது. அதற்கும் பத்து வயதையே எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது.

வி.ஆர். பார்ப்பதால் கண் நிரந்தரமாகக் கெட்டுவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றே கண் மருத்துவர்களின் சங்கங்கள் சொல்கின்றன. ஆனால் வளரும் பிள்ளைக்குக் கழுத்து மெல்லியது, முகம் சிறியது. குவெஸ்ட் 2, 3 கருவிகள் அரைக் கிலோ எடை. அவ்வளவும் முகத்துக்கு முன்னால் தொங்கும். தம்பி, தங்கை அழுகிறார்கள் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கு ‘ஒரு நிமிஷம்’ மாட்டிவிடுவதும் வேண்டாம்.

முதலில் கண் பரிசோதனை

இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்குச் சற்றே மாறிய இன்னொரு படம். இரண்டையும் மூளை ஒன்றாகச் சேர்த்தால்தான் ஆழம் தெரியும். லேசான மாறுகண், சோம்பேறிக் கண், கண்ணாடி போடாத பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளையால் இப்படிச் சேர்க்க முடியாமல் போகலாம். சிறு வயதிலிருந்தே அப்படிப் பார்த்துப் பழகியதால் அது குறை என்று பிள்ளைக்கே தெரியாது. ஹெட்செட்டை மாட்டியதும் “எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதும்மா”, “தலை வலிக்குது” என்று சொன்னால், கருவி சரியில்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். கண்ணைக் காட்டச் சொல்லும் குறிப்பு அது.

கணியம்பாடிக்காரர்களுக்கு இதற்கு அலைச்சல் இல்லை. திருவண்ணாமலை சாலையிலேயே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வேலூர் ஆரணி சாலையில் சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது. ஐடா ஸ்கடர் 1902-ல் தொடங்கிய மருத்துவமனை அது. பள்ளிக்கு வரும் பரிசோதனைக் குழு கண்ணாடி எழுதிக் கொடுத்திருந்தால், ஹெட்செட்டுக்குள்ளும் அந்தக் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். கண்ணாடிக்கென்று கொடுக்கப்படும் இடைவெளித் துண்டைப் பொருத்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டும் உரசிக் கீறல் விழும்.

சோம்பேறிக் கண்ணுக்கே வி.ஆர். மூலம் சிகிச்சை தரும் லூமினோபியா என்ற முறைக்கு 2021-ல் அமெரிக்காவில் 4 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்கு அனுமதி கிடைத்தது. அது மருத்துவர் எழுதிக் கொடுத்து, அவர் கண்காணிப்பில் நடப்பது. அதைக் காரணம் காட்டி வீட்டில் நாமே ‘கண் பயிற்சி’ கொடுக்கக் கூடாது.

கண்மணிகளுக்கு இடையே எத்தனை மில்லிமீட்டர்?

இரண்டு கண்மணிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம் பெரியவர்களுக்குச் சராசரியாக 63 மில்லிமீட்டர். பத்து வயதுப் பிள்ளைகளில் பலருக்கு 60-க்குக் கீழேதான் இருக்கும். கருவியின் லென்ஸ்கள் இந்தத் தூரத்துக்குச் சரியாக நிற்காவிட்டால் படம் மங்கும், கண் இழுக்கும், தலை வலிக்கும்.

அளப்பதற்குப் பள்ளி ஸ்கேல் போதும். வெளிச்சத்தில் பிள்ளைக்கு எதிரே ஒரு கை தூரத்தில் உட்காருங்கள். ஸ்கேலை மூக்குத் தண்டின் மேல், கண்ணுக்கு நேராகப் பிடியுங்கள். உங்கள் வலது கண்ணை மூடிக்கொண்டு, திறந்திருக்கும் உங்கள் இடது கண்ணைப் பார்க்கும்படி பிள்ளையிடம் சொல்லுங்கள். பிள்ளையின் வலது கண்மணி நடுவில் பூஜ்ஜியம் நிற்கட்டும். ஸ்கேலை அசைக்காமல் கண்ணை மாற்றி மூடி, இப்போது திறந்திருக்கும் கண்ணைப் பார்க்கச் சொல்லி, பிள்ளையின் இடது கண்மணி நடுவில் எந்த எண் வருகிறது என்று படியுங்கள். இரண்டு மூன்று தடவை அளந்தால் பிசகு இருக்காது.

குவெஸ்ட் 2, 3எஸ் கருவிகளில் 58, 63, 68 என்று மூன்று நிலைகள்தான். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 58. குவெஸ்ட் 3-ல் அடியில் இருக்கும் சக்கரத்தைத் திருகி வைக்கலாம். செல்போன் பெட்டியில் லென்ஸை நகர்த்த வழியே இல்லை, படமும் தெளியவில்லை என்றால், அந்தப் பெட்டி அந்தப் பிள்ளைக்கு ஆகாது. பட்டையை மாட்டும்போது பின்மண்டை எலும்புக்குக் கீழே முதலில் உட்கார வைத்து, பிறகு நெற்றிப் பக்கம் இறக்குங்கள். கன்னத்தில் தடம் பதிந்தால் இறுக்கம் அதிகம்.

கூடமா, மொட்டை மாடியா?

அடிபடுவது பெரும்பாலும் இடத்தால்தான். நடந்து விளையாடும் ஆட்டங்களுக்கு ஆறரை அடிக்கு ஆறரை அடி வெற்றிடம் வேண்டும். கட்டில், பீரோ, டிவி ஸ்டாண்டு, டேபிள் ஃபேன் எல்லாம் ஒரே கூடத்தில் இருக்கும் வீட்டில் அதற்கு இடமில்லை. அப்படியானால் சக்கரம் இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து விளையாடும் ஆட்டம் மட்டும் போதும். கருவியில் எல்லைக்கோடு வரையும்போது சுவரிலிருந்து ஓரடி உள்ளே தள்ளி வரையுங்கள். நின்று விளையாடினால் தரையில் ஒரு பாயை விரித்து அதன் மேல் நிறுத்துங்கள். பாயின் ஓரம் காலில் தட்டுப்பட்டதும் பிள்ளை தானாக நின்றுவிடும். கையைத் தூக்கினால் சீலிங் ஃபேன் எட்டுமா என்றும் பாருங்கள். கையில் பிடித்து விளையாடும் கைப்பிடிகளின் கயிறு மணிக்கட்டில் இருக்கட்டும். தவழும் குழந்தை அந்தப் பக்கம் வரவே கூடாது.

கீழே இடமில்லை என்று மொட்டை மாடிக்கு அனுப்புவதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. கைப்பிடிச் சுவர் இடுப்பளவு இருந்தாலும், கண் மூடிய பிள்ளைக்கு அது இல்லாததுபோலத்தான். வெயிலில் கருவியின் எல்லைக்கோடும் தடுமாறும். லென்ஸ் வழியாகப் பாயும் சூரிய ஒளி உள்ளே ஒரே புள்ளியில் குவிந்து திரையைப் பொசுக்கிவிடும். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் நம்முடையது. ஜன்னலோரத்தில், தகரக் கூரைக்கு அடியில், நிறுத்திய காருக்குள் வைக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது தலையில் மாட்டாதீர்கள்.

எவ்வளவு நேரம்?

முதல் சில நாட்கள் ஐந்து, பத்து நிமிடம். பழகிய பிறகும் ஒரு தடவைக்கு 15, 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். 5 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு எல்லாத் திரைகளும் சேர்த்து நாளைக்கு 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். பத்து வயதைத் தாண்டிய பிள்ளைக்கும் அந்தக் கணக்கிலேயே டிவியும் செல்போனும் ஹெட்செட்டும் அடங்கட்டும்.

ஏலகிரி மலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு வி.ஆரிலும் குமட்டக்கூடும். பஸ்ஸில் உடல் ஆடுவதைக் காது உணர்கிறது, கண் உணர்வதில்லை. வி.ஆரிலோ கண் ஓடுவதாகச் சொல்கிறது, காது உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறது. ரோலர் கோஸ்டர், பறக்கும் ஆட்டங்கள் முதலில் வேண்டாம். தலைசுற்றினால் ‘பழகிடும்’ என்று தொடராமல் அப்போதே கழற்றுங்கள்.

கழற்றிய பிறகும் சிறிது நேரம் தடுமாற்றம் இருக்கும். அரை மணி நேரத்துக்கு சைக்கிள், மெயின் ரோட்டைக் கடப்பது, கிணற்றில் நீச்சல் எதுவும் கூடாது. தூங்கப்போகும் நேரத்தில் மாட்ட வேண்டாம்.

உள்ளே யார் பேசுகிறார்கள்?

பிள்ளைக்கென்று தனிக் கணக்குத் தொடங்கி, பெற்றோர் கணக்கோடு இணைத்து, முன்பின் தெரியாதவர்களுடன் பேசும் வசதியை நிறுத்துங்கள். பிள்ளை பார்ப்பதை உங்கள் போனிலோ டிவியிலோ ஓடவிடுங்கள், ஆயாவும் பார்க்கலாம். யாராவது தப்பாகப் பேசினால் திட்டுவார்களோ என்று பிள்ளை மறைக்கக் கூடாது. உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098. செல்போன் பெட்டி என்றால், பணம் அனுப்பும் செயலி உள்ள போனை அதில் செருகாதீர்கள்.

வலிப்பு வந்த பிள்ளையா?

1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போக்கிமான் தொடரின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியதில் 685 குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அது சாதாரண டிவி. பிள்ளைக்கோ குடும்பத்திலோ வலிப்பு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் மாட்டக் கூடாது. வலிப்பு வந்துவிட்டால் ஹெட்செட்டைக் கழற்றி, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவி, இரும்பு கொடுப்பதால் பயன் இல்லை. வாயில் எதையும் திணிக்கக் கூடாது. முதல் தடவை என்றாலும், ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டாலும் 108.

வியர்வை, பேன், மெட்ராஸ் ஐ

தெருப் பிள்ளைகள் பத்துப் பேர் மாற்றி மாற்றி மாட்டினால் பேனும் மெட்ராஸ் ஐயும் சேர்ந்தே சுற்றும். கண் சிவந்த பிள்ளைக்குத் தரவே கூடாது. தேங்காய் எண்ணெயும் விபூதியும் நுரை உறையில் ஊறினால் தோல் அரிக்கும். உறையே அரிப்பு உண்டாக்குவதும் உண்டு. அந்தப் புகாரால் 2021-ல் குவெஸ்ட் 2-வின் நுரை உறைகளை நிறுவனம் திரும்பப் பெற்று, சிலிகான் உறை கொடுத்தது. ஆளுக்கு ஆள் உறையைத் துடையுங்கள். லென்ஸுக்கு உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி மட்டும். சானிடைசர் படவே கூடாது.

ஆள் இருக்கும் நாளில் மட்டும்

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு பெரியவர் தேவை. வேலை நாளில் அது நடக்காது என்றால், இதை ஞாயிற்றுக்கிழமைப் பொருளாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் பீரோவில் வைத்துப் பூட்டி, பிள்ளைகளைத் தெருவில் ஓடவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் தினமும் இரண்டு மணி நேரம் வெளியே விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு. அதற்கு ஒரு பைசா செலவில்லை.