கீரிமலையிலிருந்து நிலாவரைக்கு: ஒரு துவிச்சக்கர வண்டிப் பாதை

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மலை இல்லை. ஆறு என்று பெயர் சொல்லத்தக்கது வழுக்கையாறு ஒன்றே. அதுவும் மாரிகாலத்தில் மாத்திரம் ஓடுவது. இத்தகைய நாட்டில் கண்டு களிப்பதற்கு என்ன உண்டு என்று வினவுவோர் பெரும்பாலும் மோட்டார் வண்டியில் வந்து, நல்லூரையும் கோட்டையையும் அரை நாளிற் பார்த்துத் திரும்புவோராவர். குடாநாட்டின் அழகு அதன் ஒழுங்கைகளிலே உள்ளது. கிடுகு வேலிக்கு அப்பால் வெங்காயப் பாத்தியில் நீர் பாயும் ஓசை கேட்க வேண்டுமாயின் மெல்லச் செல்லுதல் வேண்டும். அதற்கு ஏற்ற ஊர்தி துவிச்சக்கர வண்டியே.

வடகரையிலுள்ள கீரிமலையிலே தொடங்கி, மாவிட்டபுரம், தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், கந்தரோடை, மருதனார்மடம், உரும்பிராய், கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி ஆகிய ஊர்களினூடாகச் சென்று, நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றில் முடியும் பாதையொன்றை இங்கு எடுத்துக்கொள்வோம். தூரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். ஏற்றமும் இறக்கமும் இல்லை. ஆயினும் காற்றைக் கணக்கில் எடாது புறப்படுதல் கூடாது. வைகாசிக்குப் பின்னர் சோளகம் தென்மேற்கிலிருந்து ஓயாது வீசும். அக்காலத்தில் தெற்கு நோக்கி மிதிப்பவன் மலையில் ஏறுபவனிலும் அதிகமாக இளைப்பான். மாரி ஒழிந்தபின், மாசி முதற் சித்திரை வரையுள்ள காலமே உகந்தது. முந்திரிகைக் குலைகள் பந்தலிலே திரண்டு நிறம் மாறுங் காலமும் அதுவே.

கீரிமலையில் வைகறையிலேயே நிற்றல் நன்று. கடல் அலை வந்து மோதும் கரையின் மேலே, சில அடி தூரத்தில், குளிர்ந்த நன்னீர்க் கேணி. கேணிச் சுவருக்கு அப்பால் உவர்க்கடல். இப்பால் குடிக்கத்தக்க நீர். கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் இத்தீர்த்தத்தில் ஆடி மனித முகம் பெற்றார் என்பது ஐதிகம். நகுலம் என்பது கீரியைக் குறிக்கும் வடசொல். ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் செய்வோர் இங்கு திரளாகக் கூடுவர்.

கடலருகே நன்னீர் எவ்வாறு வந்தது? குடாநாடு முழுவதும் மயோசீன் காலத்துச் சுண்ணக்கற் பாறையின்மேல் அமைந்துள்ளது. மழைநீரிலுள்ள மெல்லிய அமிலம் அக்கல்லை நெடுங்காலமாகக் கரைத்துப் பிளவுகளையும் குகைகளையும் உண்டாக்கியிருக்கின்றது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை அப்பிளவுகளினூடாக இறங்கி நிலத்தின் கீழ்த் தேங்கி, பின்னர் கரையை நாடி ஓடிக் கடலிற் கலக்கின்றது. கீரிமலைக் கேணி அங்ஙனம் வெளிப்படும் வாயில்களுள் ஒன்று. இந்த நீரை நினைவில் வைத்துக்கொண்டே மேற்செல்லல் வேண்டும்; பாதையில் வரும் எல்லா ஊர்களும் இதனாலேயே வாழ்கின்றன.

மாவிட்டபுரம் அண்மையிலே உள்ளது. குதிரைமுகம் பெற்ற சோழ அரசகுமாரி மாருதப்புரவீகவல்லி கீரிமலையில் நீராடி அம்முகம் நீங்கப் பெற்றாள் என்றும், மா விட்ட புரம் என்பதே ஊர்ப்பெயராயிற்று என்றும் கூறுவர். அவள் எடுப்பித்ததாகச் சொல்லப்படும் கந்தசுவாமி கோயில் பெருஞ்சிறப்புடையது. ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே சென்று வழிபடும் உரிமை கோரி 1968ஆம் ஆண்டிலே அறப்போர் நடத்தியதும் இக்கோயில் வாயிலிலேதான். தல வரலாறு கூறுவோர் குதிரைமுகக் கதையை விரித்துரைத்து, இதனை விட்டுவிடுவது முறையன்று.

இப்பகுதி வழியே செல்பவர் இடையிடையே கூரையற்ற வீடுகளையும் பற்றை மூடிய வளவுகளையும் காண்பர். 1990ஆம் ஆண்டிலே போர் காரணமாக வலிகாமம் வடக்கு மக்கள் ஊரை விட்டு வெளியேறினர். நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 1950ஆம் ஆண்டிலே தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் அவ்வாண்டோடு நின்றுபோயிற்று. சுண்ணக்கல் அகழ்ந்த குழிகள் மாத்திரம் எஞ்சின. 2010ஆம் ஆண்டுக்குப் பின்னர் நிலங்கள் படிப்படியாக விடுவிக்கப்பட்டன. 2015ஆம் ஆண்டு தை மாதத்தில் புகைவண்டி மீண்டும் காங்கேசன்துறைக்கு வந்தது. திரும்பி வந்தோரிற் பலர் முதலிலே செய்தது கிணற்றை இறைத்துத் துப்புரவு செய்தலாகும். வீடு பின்னரே.

தெல்லிப்பழையில் அமெரிக்க மிசனரியாராகிய டானியல் பூவர் 1816ஆம் ஆண்டிலே பள்ளி தொடங்கினார். இன்றைய யூனியன் கல்லூரி அதன் வழிவந்தது. பாவலர் துரையப்பாபிள்ளை 1910ஆம் ஆண்டில் நிறுவியது மகாஜனக் கல்லூரி. ஒரு சிற்றூரில் இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தமை யாழ்ப்பாணத்தவர் கல்வியை எவ்வளவு போற்றினர் என்பதற்குச் சான்று. மல்லாகத்தை விரைவிற் கடந்துவிடலாம்.

சுன்னாகம் சந்தையூர். குமாரசுவாமிப் புலவர் (1854–1922) பிறந்த ஊரும் அதுவே. ஆயின் அண்மைக் காலத்தில் அவ்வூரின் பெயர் வேறொன்றாற் பேசப்பட்டது. மின்னிலையச் சூழலில் எண்ணெய்க் கழிவு நிலத்தில் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019ஆம் ஆண்டிலே பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு மின்னுற்பத்தி நிறுவனமொன்றுக்குக் கட்டளையிடப்பட்டது. சுண்ணக்கல்லில் இறங்கிய அழுக்கை மண் வடிகட்டித் தடுக்கும் என்று எண்ணுதல் தவறு. பிளவு வழியே அது கிணற்றுக்குக் கிணறு செல்லும்.

சுன்னாகத்திலிருந்து மேற்கே சிறிது தூரம் விலகினாற் கந்தரோடை. பனைகளின் நடுவே, வேலியிட்ட ஒரு நிலத்தில், முருகைக்கல்லால் அமைந்த சிறுசிறு தூபிகள் இருபது வரையிற் காணப்படும். ஆள் உயரத்தையொத்த சிறிய தூபிகள் இவ்வாறு கூட்டமாயிருப்பது அரிய காட்சி. போல் பீரிஸ் என்னும் அறிஞர் 1917ஆம் ஆண்டை அடுத்து இங்கு ஆராய்ந்து பழங்காசுகள் முதலியவற்றைக் கண்டெடுத்தார். 1970ஆம் ஆண்டிலே பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, தென்னிந்தியப் பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய கறுப்பு சிவப்பு மட்பாண்டங்கள் வெளிப்பட்டன. இவ்விடம் எவர்க்குரியது என்னும் வாதம் இக்காலத்தில் மிகுந்துள்ளது. தமிழர் நடுவே பௌத்தம் தழைத்திருந்த காலமொன்று உண்டென்பதை இரு பக்கத்தாரும் மறந்து வாதிடுவது வியப்பே. அருகே வழுக்கையாற்றின் வாய்க்காலைக் காணலாம். கோடையில் அது வறண்ட புற்றரை.

திரும்பி வந்து, காய்கறிச் சந்தைக்குப் பெயர்பெற்ற மருதனார்மடத்திற் கிழக்கே திரும்பினால், செம்பாட்டு மண் தொடங்கும். உரும்பிராய், கோண்டாவில், நீர்வேலி முதலிய ஊர்கள் இம்மண்ணில் உள்ளவை. இங்கேதான் முந்திரிகைத் தோட்டங்கள். தமிழகத்தார் திராட்சை என்பதை யாழ்ப்பாணத்தார் முந்திரிகை என்பர். முந்திரி என்று பிறர் சொல்வது இங்கு மரமுந்திரிகை. கடையில் இச்சொல்லால் ஏமாந்த வெளியூரார் பலர்.

ஐரோப்பிய நாடுகளின் முந்திரிகை குத்துக்குத்தாக வரிசையில் நிற்பது. யாழ்ப்பாணத்ததோ ஆள் தலைக்கு மேலே கம்பிப்பந்தலிற் படர்வது. உச்சி வெயிலிலும் பந்தலின் கீழ்ப் பச்சை நிழல்; குலைகள் கைக்கெட்டத் தொங்கும். பெரும்பாலும் பயிராவது ‘இஸ்ரேல் புளூ’ எனப்படும் கருநீல இனம். குளிர்நாட்டில் இக்கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி, இளவேனிலில் விழித்துப் பூக்கும். யாழ்ப்பாணத்திலோ அதனை உறங்க வைக்கும் குளிர் இல்லை. ஆதலின் கமக்காரன் கத்தரிக்கோலால் அப்பணியைச் செய்கின்றான். கொடியை வெட்டி, இலையை நீக்கினால், புதுத்தளிரோடு பூங்கொத்தும் தோன்றும். வெட்டிய நாளிலிருந்து ஏறத்தாழ 4 மாதத்திற் பழம் பறிக்கலாம். எந்த நாளில் வெட்டுவது என்பதிலேயே கமக்காரனின் திறமை அடங்கியுள்ளது. முந்தி வெட்டினால் பின்மழை பூவைக் கெடுக்கும். இலையின் கீழே வெண்பூஞ்சணம் படரும். பிரான்சு நாட்டுப் போர்தோ நகரத்தார் 1880களிற் கண்ட மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த கரைசலே இதற்கு இன்றும் கைகண்ட மருந்து.

1970ஆம் ஆண்டை அடுத்து இறக்குமதி தடுக்கப்பட்டிருந்த காலத்தில், வெங்காயம், மிளகாய் என்பவற்றைப் போல முந்திரிகையும் இவ்வூர்களுக்கு நல்ல வருவாய் தந்தது. 1977ஆம் ஆண்டிற் பொருளாதாரம் திறக்கப்பட்டபின் விலை தளர்ந்தது. போர் வந்தபோது பந்தல்கள் பல சரிந்தன. பழம் நெடுநாள் இராது. பாதை பூட்டப்பட்டிருந்தால் அழுகும். அக்காலத்தில் எரிபொருள் இன்மையால் விறகு, சாக்கு மூட்டை, நோயாளி ஆகிய யாவற்றையும் சுமந்தது துவிச்சக்கர வண்டியே. மின்சாரம் இல்லாத இரவுகளில் வண்டியைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுழற்றி, டைனமோவால் வானொலி கேட்டனர். இன்று இப்பாதையில் உல்லாசமாகச் செல்வோர் அதனையும் எண்ணிப் பார்க்கலாம்.

பந்தலுக்கு நீர் வேண்டும். நீர் கிணற்றிலிருந்து வருகின்றது. முன்னர் துலா மிதித்து இறைத்தபோது, மனிதனின் களைப்பே நீர்ச் செலவுக்கு எல்லையாயிருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அவ்வெல்லை நீங்கிற்று. நிலத்தடி நன்னீர், உவர்நீரின்மேல் ஒரு வில்லை போல மிதக்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் சற்றே எடை குறைந்தது. ஆதலின் கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. மேலே 1 அடி குறைந்தால் கீழே உவர்நீர் 40 அடி ஏறும். மிகுதியாக இடப்படும் யூரியாவும் நீரோடு இறங்குகின்றது. பல கிணறுகளில் நைத்திரேற்றின் அளவு, உலக சுகாதார நிறுவனம் வரையறுத்த இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைத் தாண்டியுள்ளமை ஆய்வுகளிற் கண்ட உண்மை. புட்டிப்பால் உண்ணும் குழந்தைகளுக்கு இது கேடு. இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றலை அது குறைக்கும்.

கோப்பாயைக் கடந்து பருத்தித்துறை வீதியில் வடக்கே திரும்பினால் நீர்வேலி, வாழைக்குலைகளுக்குப் பெயர்போனது. அடுத்த சிறுப்பிட்டி, தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை 1832ஆம் ஆண்டிலே பிறந்த ஊர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர் அவர். செல்லரித்த ஏடு தேடி அவர் அலைந்த கதை தனியே விரித்தற்குரியது.

நிலாவரைக் கிணறு வீதியோரத்திலேயே உள்ளது. இராமபிரான் அம்பெய்து நீர் வருவித்தார் என்பர். அடியில்லை என்றும் கூறுவர். உண்மையில் அடியுண்டு, ஆழம் ஏறத்தாழ 50 மீற்றர். நிலத்தடிக் குகையின் கூரை இடிந்து விழுந்தமையால் உண்டான குழி அது. மேற்பகுதியில் நன்னீர், ஆழத்திற் செல்லச் செல்ல உவர்நீர். மேலே சொன்ன வில்லையின் கணக்கை, தூக்குப் போத்தல் ஒன்றைக் கயிற்றிலே கட்டி வெவ்வேறு ஆழத்தில் நீரெடுத்துச் சுவைத்தால் மாணவரும் அறியலாம். கீரிமலையிற் கண்ட நீரும் இவ்வாறு சுண்ணக்கல்லிற் தேங்கிய மழைநீரே.

நேரமும் கால்வலுவும் எஞ்சியிருப்பின் அச்சுவேலிப் பக்கமாக மேலுஞ் செல்லலாம். அதனை அடுத்த தோலகட்டியிலேதான் 1928ஆம் ஆண்டிற் செபமாலைத் தாசர் சபை தோன்றியது. அத்துறவிகள் வடித்த முந்திரிகை இரசத்தைக் குடாநாட்டில் அறியாதார் இல்லை.