கரியர் மோடு: உங்க பிளேயரை எப்படி வளர்க்கணும் தெரியுமா?

ஆஸ்திரேலியாவின் பிக் ஆன்ட் ஸ்டூடியோஸ் உருவாக்கி, 2023-ல் வெளியான வீடியோ கேம் ‘கிரிக்கெட் 24’. அதில் கரியர் மோடைத் திறந்ததுமே சிக்ஸர் பறக்கவிடலாம்னு நினைக்கிறீங்களா? கொஞ்சம் பொறுங்க பாஸ், உங்க பிளேயர் இன்னும் புதுமுகம்தான்!

முதல்ல நெட்ஸ். ஸ்டாண்டர்டு கன்ட்ரோல்ல லெஃப்ட் ஸ்டிக் கால் நகர்வுக்கு, ரைட் ஸ்டிக் ஷாட்டுக்கு. பந்து எங்கே பிட்ச் ஆகுதுனு பார்த்து, முன்னங்காலா பின்னங்காலானு முடிவெடுக்கப் பழகுங்க. அப்புறம்தான் டைமிங் கைகூடும்.

டி20 மட்டுமே ஆடாம, நாலு நாள் மேட்ச்சும் ஆடுங்க. பந்தை விட்டுப் பிடிக்கிற பொறுமை அங்கேதான் வரும்.

ரன் வரலைனு டிஃபிகல்ட்டியை ஈஸிக்கு மாத்தி செஞ்சுரியா குவிக்காதீங்க. பிளேயரோட ரெக்கார்டு ஏறும். உங்க கை தேறாது. நாளைக்கு சர்வதேச மேட்ச்ல பந்து ஸ்விங் ஆகும்போது, முழிக்கப்போறது நீங்கதான்!