ஏந்திக் காட்டும் உயிரணு

நம் வேப்பம்பட்டை அடுத்த திருவள்ளூர் வட்டாரத்துச் சிற்றூர்கள் உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றவை என்பதை நம் மாணவர் பலர் அறியார். அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த இப்பகுதியில் 1968ஆம் ஆண்டு பி.சி.ஜி. தடுப்பூசியின் பயனை அறியும் பேராய்வு தொடங்கியது. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் ஊசி போட்டுக்கொண்டனர். அவருள் ஒரு பகுதியினருக்கு மருந்தற்ற வெற்றூசி. பதினைந்தாண்டு நோக்கியபின் கிடைத்த விடை, வளர்ந்தோரின் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்பதே. உலகமே வியந்த இவ்விடையின் காரணத்தை ஆராய, 'டி' அணுக்கள் பகையை எவ்வாறு காண்கின்றன என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

குருதியில் திரியும் வைரஸை எதிர்ப்புரதங்கள் நேரே பற்றும். உயிரணுவினுள் புகுந்து ஒளிந்த வைரஸை வெளியே நிற்கும் 'டி' அணு எங்ஙனம் அறியும்? உயிரணுவே காட்டிக்கொடுக்கிறது. தன்னுள் உருவாகும் புரதங்களைப் புரோட்டியசோம் என்னும் உறுப்பால் அது ஓயாது துண்டாக்குகிறது. வைரஸின் புரதமும் அதற்குத் தப்புவதில்லை. எட்டு முதல் பத்து அமினோ அமிலங்கள் கொண்ட துணுக்கை எச்.எல்.ஏ. என்னும் மூலக்கூறு தன் பள்ளத்தில் தாங்கி உயிரணுவின் மேற்பரப்புக்குக் கொணர்கிறது. இதனை 'முன்வைத்தல்' என மொழிபெயர்க்கின்றனர். 'ஏந்திக் காட்டல்' என்பதே பொருத்தமென நமக்குத் தோன்றுகிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் அன்றோ? அத்துணுக்கைத் தொட்டறியும் 'டி' அணு, அயலானது எனக் கண்டால் அவ்வுயிரணுவையே அழித்துவிடும். துணுக்கையும் அதை ஏந்தும் தன்னுடல் மூலக்கூறையும் 'டி' அணு ஒருங்கே காண்கிறது என்பதை டோஹர்ட்டி, சிங்கர்நாகல் இருவரும் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் எலிகளைக்கொண்டு கண்டு 1974இல் வெளியிட்டனர்; 1996இல் நோபல் பரிசு பெற்றனர்.

வைரஸும் சளைத்ததன்று. அக்கி வகையைச் சேர்ந்த ஹெர்ப்பிஸ் வைரஸ், துணுக்குகள் செல்லும் வாயிலையே அடைத்துவிடுகிறது. ஆயின் எச்.எல்.ஏ. குன்றிய உயிரணுவை ஐயுற்றுக் கொல்லும் வேறு காவலணுக்களும் உடலில் உண்டு.

காசநோய்க் கிருமியோ விழுங்கணுவின் நுண்பையினுள் வாழ்வது. அதன் துணுக்குகளைப் பெரிதும் ஏந்துவது இரண்டாம் வகை எச்.எல்.ஏ.; காண்பவை உதவி 'டி' அணுக்கள். இங்குதான் திருவள்ளூர்ப் புதிருக்கு அறிஞர் ஒரு விளக்கம் கூறுவர். இம்மண்ணிலும் நீரிலும் காசக்கிருமியின் தீங்கற்ற உறவுக்கிருமிகள் மிகுதி. அவற்றின் துணுக்குகளை நம் மக்களின் 'டி' அணுக்கள் இளமையிலேயே கண்டு பழகியமையால், பி.சி.ஜி. புதிதாகக் கற்பிக்க எஞ்சியது சிறிதே என்பது அவர் கருத்து. பிறந்த குழந்தைக்கு எப்பழக்கமும் இல்லை. குழந்தைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோய்களை அவ்வூசி தடுப்பதால், நம் மருத்துவமனைகளில் இன்றும் பிறந்தவுடன் அது போடப்படுகிறது.