செப்பேடும் சான்றிதழும்

பிழைப்புத் தேடிப் பிறமாநிலம் வந்த நமக்கு, "நீர் யார்? அதற்குச் சான்று எங்கே?" என்னும் வினா புதியதன்று. வீடு வாடகைக்கு எடுப்பதாயினும், பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதாயினும், அவ்வினா நம் முன் வந்து நிற்கும். இக்காலத்தில் கணிப்பொறிகளும் ஒன்றையொன்று அவ்வாறே வினவுகின்றன. அதன் முறையை நாம் வாழும் மட்டாஞ்சேரியிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

இங்கே 1568-ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற பரதேசி யூதர் தொழுகைக்கூடத்தின் பழஞ்செல்வம் ஒரு செப்பேடு. ஏறத்தாழக் கி.பி. 1000-இல், சேரமன்னன் பாஸ்கர இரவிவர்மன் யோசேப்பு இரப்பான் என்னும் யூத வணிகர் தலைவருக்கு அளித்தது அது. நம் முன்னோரும் கையாண்ட வட்டெழுத்தில் அமைந்த அவ்வேட்டில் பெறுபவர் பெயர், அவர்க்குரிய 72 உரிமைகள், சாட்சிகளின் பெயர்கள் ஆகியவை உள்ளன. இன்னார், இன்ன உரிமையுடையார், இதற்கு இன்னார் பொறுப்பு என்னும் இம்மூன்றுமே எந்தச் சான்றுக்கும் உயிர்நிலையாகும்.

எதிரே வல்லார்பாடத்தில் கப்பலேறும் சரக்குப் பெட்டிகளை நாம் காண்கிறோம். ஒரு மென்பொருளை அதற்கு வேண்டியவற்றோடு சேர்த்துக் கட்டிய பொதிக்கும் கொள்கலன் என்றே பெயர். பல கணிப்பொறிகளைக் கூட்டமாக இணைத்து, அவற்றில் இக்கொள்கலன்களை ஏற்றி நடத்தும் அமைப்பு குபெர்னெட்டீஸ். 2014-இல் கூகிள் நிறுவனம் வெளியிட்ட இதன் பெயருக்குக் கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவன் என்பது பொருள்.

மருத்துவமனைக் குறிப்புகளும் வங்கிக் கணக்குகளும் இத்தகைய கூட்டங்களில் தங்குகின்றன. கள்ளப்பொறி ஒன்று, "நானும் உங்களுள் ஒருவன்" என்று உட்புகுந்தால், இரகசியங்கள் அதன் கைக்குப் போய்விடும். அதனைத் தடுப்பது எவ்வாறு?

கூட்டத்தில் சேர விரும்பும் கணிப்பொறி முதலில் ஒரு தற்காலிக அனுமதிச் சொல்லைக் காட்டுகிறது. அது வழக்கமாக 24 மணி நேரமே செல்லும். பிறகு தனக்கென ஓர் இரகசியத் திறவுகோலை ஆக்கித் தன்னிடமே மறைத்து வைத்துக்கொண்டு, சான்றிதழ் வேண்டி விண்ணப்பம் விடுக்கிறது. விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் தலைமை நிலையம் ஒப்பமிட்டுச் சான்றிதழ் வழங்குகிறது. அதன்பின் அக்கணிப்பொறி தலைமை நிலையத்தைத் தொடர்புகொள்ளும்பொழுதெல்லாம் ஒன்றன் சான்றிதழை மற்றொன்று சோதிக்கும்.

செப்பேட்டைக் களவாடியவன் தன்னையே உரியவன் எனச் சாதிக்கலாம். இச்சான்றிதழை நகலெடுத்தவனுக்கோ பயனில்லை. உரிய திறவுகோலை உடையதே அதனைத் தன்னுடையதென மெய்ப்பிக்க இயலும்.

வேறொரு வேற்றுமையும் உண்டு. செப்பேடு வழிவழியாக நிலைப்பது. இச்சான்றிதழோ வழக்கமாக ஓராண்டே செல்லும். வழங்கியதை இடையில் செல்லாததாக்கும் வசதி குபெர்னெட்டீசில் இல்லை. ஆகவே ஆயுளைக் குறுக்கி, அடிக்கடி புதுப்பித்தலே காவல். மேலும், ஒவ்வொரு கணிப்பொறியும் தன்மீது ஏற்றப்பட்ட கொள்கலன்களுக்குரிய இரகசியங்களை மட்டுமே காணுமாறு வரம்பு கட்டுதல் வேண்டும்.

அனைத்திற்கும் மேலாகக் காக்கத்தக்கது, ஒப்பமிடும் தலைமை நிலையத்தின் திறவுகோலே. அது களவு போயின், கள்ளனும் மெய்ச்சான்று எழுதுவான். அரசனின் முத்திரை பறிபோன பின்பு செப்பேட்டினால் ஆவதென்ன?