கல்லோயா நீரும் கடைக்காணியும்

கிழக்கு மாகாணத்திற் கமஞ் செய்வோருக்கு மழையின் இயல்பை எடுத்துரைக்க வேண்டியதில்லை. கார்த்திகை தொடக்கம் தை வரை வடகீழ்ப் பருவக்காற்று மழையைச் சொரிகின்றது. வைகாசி பிறந்தபின் கச்சான் காற்று வீசி நிலத்தின் ஈரத்தை உறிஞ்சிவிடுகின்றது. மாரியில் வயலை மூடிப் பாய்ந்து கடலிற் சேர்ந்த நீர், கோடையிற் பயிருக்கு உதவுவதில்லை. இக்குறையை நீக்கும் பொருட்டே கல்லோயாத் திட்டம் வகுக்கப்பட்டது.

தமிழ் மக்கள் பட்டிப்பளை ஆறு என வழங்கி வந்த கல்லோயா, ஊவாப் பகுதி மலைகளில் உற்பத்தியாகிக் கிழக்கே கடலை நோக்கிப் பாய்வது. 1949ஆம் ஆண்டிற் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டு, இங்கினியாகலையில் ஆற்றை மறித்து அணைகட்டும் வேலையும் தொடங்கப்பெற்றது. அவ்வணையினால் உண்டான சேனாநாயக்க சமுத்திரம் ஏறத்தாழ 770,000 ஏக்கர் அடி நீரைக் கொள்ளத்தக்கது. ஓரேக்கர் நிலத்தில் ஓரடி உயரத்திற்கு நிற்கும் நீரே ஓர் ஏக்கர் அடியாகும். இந்நீர் இடதுகரை, வலதுகரை வாய்க்கால்கள் வழியாக வயல்களை அடைகின்றது.

எனினும், அணை பெரிதாயிருப்பதனால் மட்டும் கடைக்காணிக்கு நீர் வந்துவிடாது என்பதைப் பிற்கால அனுபவம் உணர்த்திற்று. முப்பது ஆண்டுகள் கழியுமுன் இடதுகரை வாய்க்கால்கள் பல தூர்ந்தன, மதகுகள் பழுதுற்றன. நீர் எப்போது வரும் என்பது நிச்சயமில்லாமையால், வாய்க்காலின் தலைப்பிலுள்ளோர் வந்த நீரை வேண்டிய அளவுக்கு மேலாகத் தேக்கினர். கடைசியிலுள்ளோர் சிறுபோகத்தில் வெறுங்காணியைப் பார்த்திருந்தனர். அவர்களும் இரவில் மதகைத் திறக்கவோ வாய்க்காலை வெட்டவோ முற்படுவர். இவ்வாறு அயலவரிடையே பகை வளர்ந்தது.

1981ஆம் ஆண்டில் இந்நிலை மாறத் தொடங்கிற்று. கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனத்தினாற் பயிற்றப்பட்ட இளைஞரும் யுவதியரும் கிராமங்களிலே தங்கிக் கமக்காரரை ஒன்றுசேர்த்தனர். ஒரே வயல்வாய்க்காலில் நீர் பெறுவோர் ஒரு குழுவாகி, யாவரும் உடன்பட்ட ஒருவரைச் சம்பளமில்லாப் பிரதிநிதியாகத் தெரிந்தனர். அவ்வாண்டு நீர்த்தேக்கத்தில் நீர் மிகக் குறைவு. அப்படியிருந்தும் பல ஆண்டுகளாகத் துப்புரவு செய்யப்படாத வாய்க்கால்களைச் சிரமதானமாகத் துப்புரவாக்கி, முறைவைத்து நீர் பாய்ச்சி, மிச்சமானதைக் கீழேயுள்ளோருக்கு விட்டனர். மேற்பகுதியிலுள்ளோர் பெரும்பாலும் சிங்களவர். கடைப்பகுதியிலுள்ளோருட் பலர் தமிழர். நீரைப் பங்கிடுவதில் அவர்கள் ஒருவருக்கொருவர் உதவினர் என்பது குறிப்பிடத்தக்கது.

இவ்வமைப்புக்களின் வலிமை 1997ஆம் ஆண்டுச் சிறுபோகத்திலும் வெளிப்பட்டது. நெற்செய்கைக்கு நீர் போதாது என்று முதலில் அறிவிக்கப்பட்டது. கமக்காரரோ தம் அமைப்புக்கள் வாயிலாக நீரைச் சிக்கனமாகப் பங்கிட்டு, ஏறக்குறைய 65,000 ஏக்கரில் வழமையிலும் மேலான விளைவைப் பெற்றனர். அணை புதிதாகக் கட்டப்படவில்லை; நீரை ஆண்ட முறையே வேறு.

பெரிய குளத்தின் கீழ்க் கமஞ் செய்யும் யாவரும் இதனைச் சிந்தித்தல் வேண்டும். ஓரேக்கர் வயலில் ஓரங்குலம் நிற்கும் நீரின் நிறை ஏறக்குறைய 100 தொன். வக்கடையை அடையாது தூங்கும் ஓரிரவில் எவ்வளவு நீர் வீணே வடிகாலிற் போய்விடுகின்றது என்பதை இதனால் அறியலாம். ஆதலின் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுக:

1. போகக் கூட்டத்தில் தீர்மானிக்கப்பட்ட தினத்திலேயே யாவரும் விதைத்தல் வேண்டும். ஒருவர் பிந்தினால், அவர் ஒருவருக்காகவே வாய்க்கால் முழுவதும் பல நாள் நீர் ஓட நேரும்.

2. முதல் மழையுடன் உழுது, நிலம் பண்படுத்துவதற்குச் செலவாகும் குளத்து நீரை மிச்சப்படுத்துக. வரம்புகளைச் செதுக்கிச் சேற்றினாற் பூசி, நண்டு வளைகளை அடைக்க.

3. நீர் குறைந்த சிறுபோகத்தில் பி.ஜி. 300 போன்ற மூன்று மாத நெல்லைத் தெரிக.

4. நெல்லுக்கு ஆழமான நீர் வேண்டியதில்லை; ஓரிரண்டு அங்குலம் போதும். ஆனாற் குடலைப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் நீர் குறையவிடலாகாது. அறுவடைக்குப் பத்து நாட்களின் முன் நீரை வடித்துவிடுக.

5. நீர் விரைவிற் சுவறும் மேட்டுக் காணிகளிற் சிறுபோகத்தில் நெல்லை விடுத்துப் பயறு, கௌபீ, நிலக்கடலை, மிளகாய், வெங்காயம் ஆகியவற்றைச் செய்கை பண்ணுக. மரக்கறிப் பாத்திகளில் வைக்கோலைப் பத்திரக்கலவையாகப் பரப்பினால் ஈரம் நெடுநாள் நிற்கும், களையும் குறையும்.

6. தம் முறை முடிந்ததும் மதகை அடைத்து, அடுத்த காணிக்காரருக்கு அறிவித்தல் ஒவ்வொருவரதும் கடமை.

ஆற்றை மறித்தல் அரசாங்கத்தினால் ஆகும் காரியம். அந்நீரைக் கடைக்காணி வரை கொண்டுசேர்த்தல் கமக்காரரின் ஒற்றுமையினாலேயே ஆகும். உமது வயல் வாய்க்காலின் தலைப்பில் இருப்பின், இன்று மதகை அடைக்குமுன் ஒருமுறை கீழ்நோக்கிப் பாரும். அங்கே வாடும் பயிரும் உம்மைப் போன்ற ஒரு கமக்காரனின் குடும்பத்துக்கு ஆண்டு முழுவதற்குமான சோறாகும்.