நனைந்ததை மேலே வையுங்கள்

வாணிபம் என்பது கொடுத்து வாங்கும் செயல் மட்டுமன்று. பொருளை அறிந்த ஒருவருக்கும், அதனை அறியாத ஒருவருக்கும் இடையே நிகழும் உடன்படிக்கை அது. துணியில் இழை அறுந்த இடம் எது என்பது நெய்தவருக்குத் தெரியும். கஞ்சியால் மட்டுமே கனமாய்த் தோன்றும் துணி எது என்பது விற்பவருக்குத் தெரியும். வாங்குபவருக்கோ, ஒருமுறை துவைத்த பின்னரே தெரியும். அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் இடையிலுள்ள இந்தச் சிறு தூரத்தில்தான் மனிதனின் நாணயம் சோதிக்கப்படுகின்றது.

அன்பு வாசகர்களே! கோவைக்குக் கிழக்கே, ஈரோடு செல்லும் இருப்புப் பாதையின்மேல் அமைந்த சோமனூர் விசைத்தறிக்குப் பெயர் பெற்ற ஊர். இங்குள்ள தறிக்காரர்களில் பெரும்பாலோர் கூலிக்கு நெய்பவர்கள். ஜவுளி உற்பத்தியாளர் தரும் பாவையும் ஊடை நூலையும் பெற்றுக் காடாத் துணியாக நெய்து திருப்பித் தருகின்றனர்; மீட்டருக்கு இவ்வளவு எனக் கூலி பெறுகின்றனர். அக்கூலியை உயர்த்தக் கோரி 2022-இலும் 2025-இலும் வாரக்கணக்கில் தறிகள் நின்றதை நாம் அறிவோம். நெய்தவருடைய துணி எந்த ஊர் சென்றது, யாருக்கு என்ன ஆயிற்று என்பதை அவர் அறிய வழியில்லை.

இந்நிலையில், “பிறர் நூலைக் கூலிக்கு நெய்வதைவிட, நாமே ஒரு பொருளை முழுமையாகச் செய்து நம் பெயரிலேயே விற்றால் என்ன?” என்று இளைஞர் ஒருவர் எண்ணுவாராயின் அது பாராட்டத்தக்க எண்ணமே. உதகைக்கும் வால்பாறைக்கும் டாப்சிலிப்புக்கும் உல்லாசப் பயணம் செல்லும் கூட்டம் பெருகியிருக்கும் காலம் இது. மலையில் இரவு தங்கக் கூடாரம், இரு மரங்களுக்கிடையே கட்டிப் படுக்கும் தொங்கு படுக்கை, தோளில் மாட்டும் பயணப் பை ஆகிய அனைத்தும் துணியிலிருந்து பிறப்பவை. பயணத்தின்போதும் தங்கும்போதும் எளிதாய் அமையும் கூடாரங்களைத் திருமறையின் அந்நஹ்ல் அத்தியாயம் இறைவனின் அருட்கொடைகளுள் ஒன்றாகவே எண்ணிக் காட்டுகின்றது. ஆகவே இத்தொழிலில் இழுக்கு ஏதும் இல்லை.

ஆயினும், இத்தொழிலில் இறங்குபவர் ஒன்றை முதலிலேயே உணர்தல் வேண்டும். வேட்டியில் குறை இருந்தால் வாங்கியவர் மறுநாள் கடைக்கு வந்து கேட்பார். கூடாரத்தின் குறையோ நள்ளிரவில், மழையில், மலையுச்சியில் வெளிப்படும். அங்கே கடையும் இல்லை, கடைக்காரரும் இல்லை. வாங்கியவரும் அவர்தம் குழந்தைகளும் மட்டுமே இருப்பர்.

சாயம் போன துணியின் வரலாறு

இது தொடர்பாக நம் தமிழகத்துத் துணி ஒன்றின் வரலாற்றைக் கேளுங்கள். பிற்காலத்தில் லீலா ஓட்டல்களை நிறுவிய கேப்டன் கிருஷ்ணன் நாயர் அந்நாளில் ஜவுளி ஏற்றுமதி செய்துவந்தார். 1958-ஆம் ஆண்டில் அமெரிக்க இறக்குமதியாளர் ஒருவர் வந்து, தாவரச் சாயம் தோய்த்த கைத்தறிக் கட்டத் துணியை அவரிடம் ஆயிரக்கணக்கான கெஜம் வாங்கிச் சென்றார். இத்துணியின் சாயம் கரையும். குளிர்ந்த நீரில் மென்மையாகவே அலச வேண்டும் என்று அவரிடம் எச்சரித்தே கொடுத்ததாக நாயர் பின்னாளில் கூறியுள்ளார்.

துணி நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனத்தை அடைந்தது. கோடை விடுமுறையில் கடற்கரையிலும் புல்வெளியிலும் அணியத்தக்க மேற்சட்டைகளாகவும் அரைக்காற் சட்டைகளாகவும் உருப்பெற்று நல்ல விலைக்கு விற்றது. துணி சென்றது, எச்சரிக்கை மட்டும் செல்லவில்லை. வாங்கியவர்கள் வழக்கம்போல் துவைத்தார்கள். ஒரு கட்டத்தின் நிறம் மற்றொரு கட்டத்தில் ஓடிற்று. புகார்கள் குவிந்தன, வழக்குத் தொடரப்போவதாக அச்சுறுத்தலும் எழுந்தது.

பிறகு நிகழ்ந்ததே வியப்புக்குரியது. நாயர் அமெரிக்காவுக்குச் சென்றபோது, இளம்பெண்களுக்கான இதழ் ஒன்று அவரைக் கண்டு இத்துணியைப் பற்றி விரிவாக எழுதியது. இது கையால் நெய்யப்பட்டது. ஒவ்வொரு சலவையிலும் இதன் நிறம் சற்றே கசிந்து புதிய சாயலைப் பெறும் என்று வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. ‘சாயம் கசியும் மெட்ராஸ்’ என்னும் பெயரே அதற்கு விருதாயிற்று. 1960-களில் அமெரிக்க மாணவர்கள் அதனை விரும்பித் தேடி வாங்கினர்.

சிந்தித்துப் பாருங்கள். துணி மாறவில்லை, நூலும் சாயமும் மாறவில்லை. சொல்லாதபோது வழக்குக்குரிய குற்றமாயிருந்த அதே தன்மை, சொன்னபோது விரும்பத்தக்க குணமாயிற்று. இரண்டுக்கும் நடுவே இருந்தது ஒரு சொல்.

மழையின் குற்றமன்று, மறைத்தவரின் குற்றம்

இந்த நுட்பத்தைப் பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைத்தெருவிலேயே விளக்கிவிட்டார்கள். தானியக் குவியல் ஒன்றினுள் அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று வினவினார்கள். மழை பெய்து நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியாயின் மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட நபிகளார், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் எனவும் எச்சரித்தார்கள்.

இந்நபிமொழியில் ஒரு நுட்பம் உண்டு. மழை பெய்தது வியாபாரியின் குற்றமன்று. நனைந்த தானியத்தை விற்கவே கூடாது என்றும் நபிகளார் கூறவில்லை. ஈரத்தை அடியில் வைத்ததே குற்றமாயிற்று. குறையே இல்லாத பொருளைப் படைப்பவன் இறைவன் ஒருவனே. மனிதன் செய்யும் எப்பொருளுக்கும் ஏதேனும் ஓர் எல்லை இருக்கும். அந்த எல்லையைச் சொல்லிவிடுவது மட்டுமே மனிதனிடம் கேட்கப்படுகின்றது. குறை மறைக்கப்பட்டிருந்தால் வாங்கியவர் பொருளைத் திருப்பித் தரும் உரிமையை நம் ஃபிக்ஹுச் சட்டம் அளிக்கின்றது. குறையை அறிந்தே அவர் வாங்கியிருந்தால் அந்தக் குறைக்காக அவ்வுரிமையைக் கோர முடியாது. ஆக, வாய்மை வாங்குபவரை மட்டுமன்று, விற்பவரையும் காக்கின்றது.

இமாம் அபூ ஹனீபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரின் துணி வியாபாரி என்பதை நெசவுத் தொழிலைச் சார்ந்தோர் பெருமையுடன் நினைவுகூரலாம். குறையுள்ள துணி ஒன்றைத் தம் கூட்டாளி ஹஃப்ஸு இப்னு அப்துர் ரஹ்மானிடம் அனுப்பிய இமாமவர்கள், அக்குறையைச் சொல்லியே விற்க வேண்டும் எனப் பணித்தார்கள். கூட்டாளி மறந்துபோய்ச் சொல்லாமலே விற்றுவிட்டார். வாங்கியவர் இன்னார் என்பதும் தெரியவில்லை. செய்தியறிந்த இமாமவர்கள் விற்ற தொகை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள். தவறியது கூட்டாளியின் நினைவுதான். ஆயினும் அந்தப் பணம் தம் பெட்டியில் கிடக்க அவர்கள் மனம் ஒப்பவில்லை.

பாறையேறும் கொல்லர்

இது முற்காலத்துப் பெரியோர்க்கு இயலும். இன்றைய போட்டியில் இயலுமா என்று கேட்பீர்கள். நம் காலத்து அமெரிக்கர் ஒருவரின் தொழில் வாழ்வே இதற்கு விடையாகும்.

இவான் ஷுயினார்ட் என்பவர் பாறையேறுவதில் ஆர்வம் கொண்ட இளைஞர். 1957-இல் பழைய உலை ஒன்றையும் பட்டடையையும் வாங்கித் தாமாகவே கொல்லுத் தொழில் கற்றார். பாறைப் பிளவில் அடித்துக் கயிற்றை மாட்டும் இரும்பு முளைகளைச் செய்து, தம் காரின் பின்புறத்திலேயே வைத்து விற்றார். அதுவரை ஐரோப்பாவிலிருந்து வந்தவை மென்மையான இரும்பாலானவை. அடித்த இடத்திலேயே விட்டுச் செல்ல வேண்டியவை. இவர் செய்தவையோ பிடுங்கி மீண்டும் பயன்படுத்தத் தக்க கடினமான எஃகு முளைகள். அவற்றை ஒன்றரை டாலருக்கு விற்றார். 1970-க்குள் அமெரிக்காவில் மலையேறும் கருவிகளை மிகுதியாக விற்கும் நிறுவனமாக அவருடையது வளர்ந்தது.

அப்போதுதான் அவர் ஓர் உண்மையைக் கண்டார். அடிப்பதும் பிடுங்குவதுமாகத் தம் முளைகளே தாம் நேசித்த பாறைகளைச் சிதைத்துக்கொண்டிருந்தன. வருவாயின் பெரும்பகுதி அம்முளைகளிலிருந்தே வந்தது. வாங்குபவர் எவரும் குறை கூறவுமில்லை. எனினும் 1972-ஆம் ஆண்டின் விலைப்பட்டியலில், முளைகள் பாறையைக் கெடுக்கின்றன என்பதை வெளிப்படையாகவே அச்சிட்டார். சுத்தியலின்றிக் கையால் செருகிக் கையாலேயே எடுக்கத்தக்க அலுமினிய ஆப்புகளை அவற்றுக்கு மாற்றாக முன்வைத்தார். சில மாதங்களில் முளை விற்பனை சரிந்தது. ஆப்புகளோ செய்து முடிக்கும் வேகத்தை மிஞ்சி விற்றன.

இதே மனிதரின் வரலாற்றில் மறுபக்கமும் உண்டு. மலையேறும் கருவிகளின் ஆபத்தைப் பற்றிப் போதிய எச்சரிக்கை தரவில்லை என்று 1980-களில் அந்நிறுவனத்தின்மீது வழக்குகள் தொடுக்கப்பட்டன. அவற்றின் சுமை தாங்காது 1989-இல் அது திவால் நிலையை அறிவித்தது. அதன் ஊழியர்களே அதனை வாங்கி ‘பிளாக் டயமண்ட்’ என்னும் பெயரில் நடத்தலாயினர். நல்ல பொருளைச் செய்வது பாதி வேலையே; அதன் எல்லையை வாங்குபவர் உள்ளத்தில் பதியுமாறு சொல்வதே மறுபாதி என்பதற்கு இதுவும் ஒரு படிப்பினை.

சொல்ல வேண்டியவை எவை?

இனி, நம் சோமனூர் இளைஞருக்கு வருவோம். அவர் பருத்திக் கித்தானில் கூடாரம் தைக்கின்றார் என வைத்துக்கொள்வோம். புதிய கித்தான் முதல் மழையில் தையல் துளைகளின் வழியே ஒழுகக்கூடும். ஒருமுறை நன்கு நனைத்து உலர்த்தினால் நூல் பருத்துத் துளைகள் அடைபடும். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்துத் துணி இற்றுப்போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூடிய கூடாரத்தினுள் கரியடுப்பு மூட்டினால் மணமும் நிறமும் அற்ற கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயு உறங்குவோரின் உயிரையே பறித்துவிடும். இவற்றைச் சொல்லாமல் விற்பது ஈரத்தை அடியில் வைப்பதேயாகும்.

தொங்கு படுக்கையோ நம் வீட்டுத் தூளியைப் பெரிதாக்கியது போன்றது. எழுபது கிலோ எடையுள்ளவர் அதில் படுத்தால் ஒவ்வொரு பக்கத்துக் கயிறும் முப்பத்தைந்து கிலோவைத்தான் தாங்குகின்றது என்று பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. கயிறு கிடைமட்டத்திலிருந்து முப்பது பாகை சாய்ந்திருந்தால் ஒவ்வொரு கயிற்றின்மீதும் எழுபது கிலோ இழுவிசை விழும். தளர்வின்றி இழுத்துக் கட்டிச் சாய்வு பத்துப் பாகையாகக் குறைந்தால் அது ஏறத்தாழ இருநூறு கிலோவாக உயரும். இறுக்கிக் கட்டுவதே பாதுகாப்பு என்று நம்பும் தந்தை, தம் பிள்ளைகளைப் படுக்க வைத்து இன்னும் இறுக்குவார். கணக்கு அறிந்த விற்பனையாளர் வாய் திறவாதிருந்தால் அந்தப் பழி யாரைச் சாரும்?

பொருளைச் செய்து முடிக்குமுன்பே முன்பணம் பெறும் வழக்கமும் இன்று பெருகியுள்ளது. கையில் இல்லாததை விற்பதை நபிகளார் தடுத்திருப்பினும், இன்ன துணியில், இன்ன அளவில், இன்ன விதமாகச் செய்து தருகின்றேன் என வரையறுத்துச் செய்யும் ஒப்பந்தத்தை ‘இஸ்திஸ்னா’ என்னும் பெயரால் ஹனஃபி மத்ஹபின் அறிஞர்கள் அனுமதித்துள்ளனர். வரையறையே அதன் உயிர். படத்தில் ஒன்றைக் காட்டி மற்றொன்றை அனுப்பினால், ஏற்கவோ மறுக்கவோ வாங்குபவருக்கு உரிமையுண்டு.

ஆற்றில் மறைத்த குறை

இன்னும் ஒரு வகைக் குறை உண்டு. அது வாங்குபவரைத் தொடாது, ஊராரைத் தொடும். சோமனூரை ஒட்டியுள்ள சாமளாபுரம் குளத்துக்கு நீர் தரும் நொய்யலை நினையுங்கள். திருப்பூரின் சாயக் கழிவு அந்த ஆற்றில் கலந்தது. பாசனத்துக்கென 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாய நீர் தேங்கி நின்றது. உழவர் நிலங்கள் உவர்ந்தன. சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிடும் நிலை வந்தது. கழிவு நீரை ஒரு துளியும் வெளியே விடாது சுத்திகரிக்கும் முறை அதற்கு முன்பே கட்டாயமாக்கப்பட்டிருந்தது. அந்தச் சட்டைகளை வெளிநாட்டில் வாங்கியவர் எக்குறையும் காணவில்லை. குறை துணியில் இல்லை, ஆற்றில் இருந்தது. இயற்கையை நாடிச் செல்வோருக்குப் பொருள் செய்பவர், அதே இயற்கையைக் கெடுத்து அதனைச் செய்தால் அதுவும் மறைக்கப்பட்ட ஈரமே.

வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் அவ்வியாபாரத்தில் பர்க்கத் உண்டாகும். மறைத்துப் பொய்யுரைத்தால் அது அழிக்கப்படும் என்பது நபிகளாரின் அறிவுரை. பர்க்கத் என்பது வெறும் லாபக் கணக்கன்று. விற்ற பொருளை நினைத்து அஞ்சாமல் இரவில் உறங்கும் நிம்மதியும் அதில் அடங்கும்.

ஆகவே, புதிய பொருள் ஒன்றை உலகுக்குத் தர விழையும் இளைஞரே! உம் பொருளின் சிறப்பை எழுதத் தாளில் எவ்வளவு இடம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும். ஆனால் அதனுடன் தைக்கும் சீட்டின் முதல் வரியில், இப்பொருள் எதைத் தாங்காது என்பதைத் தெளிவான தமிழில் எழுதும். அதனைப் படித்து நான்கு பேர் வாங்காமல் போகலாம். வாங்கிச் செல்பவர் மலையில் மழை பெய்யும் இரவிலும் உம்மை நம்பி உறங்குவார். அந்த நம்பிக்கைக்கு உரியவராக உம்மையும் நம் அனைவரையும் இறைவன் ஆக்கியருள்வானாக!