பயணிகள் ரயில் சேவை: பற்றாக்குறையை ஈடுசெய்வது யார்?

இந்திய ரயில்வே ஒரு வாணிப நிறுவனமா, மக்களுக்குத் தொண்டாற்றும் அரசுத் துறையா என்னும் வினா நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. இரண்டும்தான் என்பதே நடைமுறையில் கிடைக்கும் விடை. சரக்கை ஏற்றும்போது அது வணிகனைப் போல் விலை கூறுகிறது. பயணியை ஏற்றும்போது அரசைப் போல் சலுகை வழங்குகிறது. இச்சலுகைக்கு ஆகும் செலவை ஏற்பவர் யார் என்பது கணக்கியல் வினா மட்டுமன்று. அது ஓர் அரசியல் வினாவுமாகும்.

2024 டிசம்பரில் ரயில்வே அமைச்சர் மக்களவையில் அளித்த விளக்கத்தின்படி, பயணிகளுக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் சலுகையின் மதிப்பு 56,993 கோடி ரூபாய். அதாவது, 100 ரூபாய் செலவாகும் பயணத்திற்குச் சராசரியாக 54 ரூபாயே வசூலிக்கப்படுகிறது. இது சராசரி மட்டுமே. குளிர்சாதன மூன்றடுக்கு வகுப்பு பல ஆண்டுகளில் தன் செலவைத் தானே ஈடுகட்டியிருக்கிறது. நகர்ப்புறப் புறநகர் ரயில்களிலும் சாதாரண இரண்டாம் வகுப்பிலும் பற்றாக்குறை மிகுதி.

பழைய ஏற்பாடு

இந்நிலையின் வேர்கள் ஒரு நூற்றாண்டுக்கு முற்பட்டவை. சர் வில்லியம் ஆக்வொர்த் தலைமையிலான குழு 1921இல் அளித்த பரிந்துரையை ஒட்டி, 1924இல் ரயில்வே நிதி பொது நிதியிலிருந்து பிரிக்கப்பட்டது. ரயில்வே தன் வருவாயில் தானே இயங்க வேண்டும். தன்னில் முதலீடு செய்யப்பட்ட தொகைக்காக அரசுக்கு ஆண்டுதோறும் ஒரு பங்கு செலுத்த வேண்டும் என்பது அவ்வேற்பாட்டின் சாரம். விடுதலைக்குப் பின்னரும் இம்முறை தொடர்ந்தது.

2017இல் ரயில்வே வரவு செலவுத் திட்டம் பொது வரவு செலவுத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. அரசுக்குப் பங்குத் தொகை செலுத்தும் கடமையும் அத்துடன் நீங்கியது. புதிய பாதைகள், மின்மயம், வண்டிகள் ஆகியவற்றுக்கு அரசு அளிக்கும் மூலதன உதவியும் பன்மடங்கு உயர்ந்தது. 2014-15இல் ஏறத்தாழ 30,000 கோடி ரூபாயாக இருந்த அவ்வுதவி, 2025-26ஆம் ஆண்டின் திட்டத்தில் 2,52,000 கோடி ரூபாயாயிற்று. ஆயினும், அன்றாடப் பயணிகள் சேவையில் ஏற்படும் நட்டத்திற்கு இத்தகைய நேரடி ஏற்பாடு இல்லை. பாதுகாப்பு நோக்கில் இன்றியமையாத எல்லைப்புறப் பாதைகளின் நட்டத்தை ஈடுசெய்வது போன்ற சில விதிவிலக்குகளே உள்ளன. எஞ்சிய சுமையைச் சரக்குப் போக்குவரத்தே தாங்குகிறது. இதனையே ‘குறுக்கு மானியம்’ என்கிறோம்.

சரக்கு தாங்கும் சுமை

ரயில்வேயின் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சரக்கிலிருந்து கிடைக்கிறது. அதிலும் ஏறக்குறையப் பாதியைத் தருவது நிலக்கரி. பயணிக் கட்டணத்தை உயர்த்தாமல் செலவைச் சமாளிக்கச் சரக்குக் கட்டணத்தை உயர்த்துவதே பல ஆண்டுகளாக எளிய வழியாக இருந்து வந்தது.

இதற்கு நாடு கொடுத்த விலை சிறிதன்று. 1950-51இல் நாட்டின் சரக்குப் போக்குவரத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் ரயிலில் சென்றது. இன்று அது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நெடுஞ்சாலைகளின் வளர்ச்சியும், வாயிலிலிருந்து வாயிலுக்குச் சரக்கைக் கொண்டு சேர்க்கும் லாரியின் வசதியும் இதற்கு முக்கியக் காரணங்கள். எனினும், உயர்ந்த ரயில் கட்டணமும், பயணிகள் வண்டிகளுக்கு வழிவிட்டுக் காத்து நிற்கும் சரக்கு வண்டிகளின் தாமதமும் அதனை விரைவுபடுத்தின. வேறு போக்கிடமற்ற நிலக்கரியும் இரும்புத் தாதுவும் மட்டும் ரயிலை நம்பி நிற்கின்றன.

நிலக்கரியின் ரயில் கட்டணம் மின்சாரத்தின் விலையில் சேருகிறது. சிமெண்டின் கட்டணம் வீட்டின் விலையில் சேருகிறது. ஆகவே, ஒருமுறையும் ரயிலேறாத சிற்றூர்க் குடும்பமும் இம்மானியத்திற்குத் தன் பங்கைச் செலுத்தியே வருகிறது. ஆனால், அப்பங்கு எந்த ரசீதிலும் குறிக்கப்படுவதில்லை.

கட்டணமும் அரசியலும்

மானியத்தால் பயனடைவோர் ஒரே நிலையத்தில், ஒரே நேரத்தில் கூடி நிற்பவர்கள். அதன் செலவை ஏற்போர் நாடெங்கும் சிதறிக் கிடப்பவர்கள். கட்டண உயர்வின் அரசியல் முழுவதும் இவ்வேறுபாட்டில் அடங்கியுள்ளது.

2012 மார்ச் 14இல் ரயில்வே அமைச்சர் தினேஷ் திரிவேதி எல்லா வகுப்புகளின் கட்டணத்தையும் உயர்த்தினார். சாதாரண இரண்டாம் வகுப்பில் உயர்வு கிலோமீட்டருக்கு 2 பைசா மட்டுமே. ஆயினும் அவருடைய கட்சித் தலைமையே அதனை எதிர்த்தது. சில நாட்களுக்குள் அவர் பதவி விலக நேர்ந்தது. அடுத்து வந்த அமைச்சர் கீழ் வகுப்புகளின் உயர்வை விலக்கிக் கொண்டார். 2014 ஜூனில் வேறொரு கட்சியின் அரசு பயணிக் கட்டணத்தை 14.2 சதவீதம் உயர்த்தியபோது, மும்பையில் எழுந்த எதிர்ப்பினால் புறநகர்ப் பயணிகளுக்கான உயர்வு பெருமளவு கைவிடப்பட்டது. 2020 ஜனவரியிலும் 2025 ஜூலையிலும் செய்யப்பட்ட உயர்வுகளில் புறநகர்க் கட்டணம் தொடப்படவேயில்லை. ஆட்சிகள் மாறினாலும் இத்தயக்கம் மாறவில்லை.

கிளைப்பாதைகளின் வரலாறும் இதுவே. வருவாய் ஈட்டாத 40 கிளைப்பாதைகளை மூடலாம் என ரயில்வே சீர்திருத்தக் குழு 1980களில் பரிந்துரைத்தது. மாநில அரசுகள் பல இசையாமையால் அவற்றுள் பல தொடர்ந்து இயங்கின. நட்டத்தில் தாம் பங்கேற்க வேண்டியிராதபோது, பாதை நீடிக்க வேண்டும் என்று மாநிலங்கள் கோருவதில் வியப்பில்லை.

நட்டம் என்பது எது?

மலிவான கட்டணம் வீண் சலுகை என்று முடிவு செய்வதும் பொருந்தாது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலை தேடிச் செல்லும் தொழிலாளிக்கு இரண்டாம் வகுப்புப் பெட்டியே வாழ்க்கைப் பாதை. ரயில் பயணிகளில் பாதிக்கு மேற்பட்டோர் புறநகர் ரயில்களில் செல்வோர். அவர்கள் அனைவரும் சாலைக்கு வந்தால் ஏற்படும் நெரிசலும் புகையும் விபத்தும் ரயில்வேயின் கணக்கேட்டில் இடம்பெறுவதில்லை.

மேலும், ஒரே தண்டவாளத்தில் சரக்கு வண்டியும் பயணிகள் வண்டியும் ஓடுகின்றன. தண்டவாளம், சைகை அமைப்பு, நிலைய ஊழியர் ஆகியவற்றின் பொதுச் செலவில் பயணிகளின் பங்கு எவ்வளவு என்பது ஒரு கணக்கீட்டு விதியைப் பொறுத்தது. விதி மாறினால் நட்டத்தின் அளவும் மாறும்.

வெளிப்படையான வழி

எனவே, மானியம் தேவையா என்பதைவிட, அது எவர் பெயரில், எவர் ஒப்புதலுடன் அளிக்கப்படுகிறது என்பதே முதன்மையான வினா. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில், நட்டம் தரும் பயணிகள் சேவை தேவை எனக் கருதும் அரசு, அதற்கான தொகையை ஒப்பந்த அடிப்படையில் ரயில் நிறுவனத்திற்குச் செலுத்துகிறது. இந்தியாவிலும் 2001இல் ராகேஷ் மோகன் குழுவும் 2015இல் பிபேக் தேப்ராய் குழுவும் சமூகக் கடமைகளின் செலவை வணிகக் கணக்கிலிருந்து பிரித்து, அதனை அரசு ஏற்க வேண்டும் என வலியுறுத்தின. நகர்ப்புறத் திட்டங்களின் செலவைப் பகிர்ந்து கொள்ளும் முறைக்கு மும்பையில் முன்னுதாரணமும் உண்டு. 1999இல் அங்கு நிறுவப்பட்ட ரயில் மேம்பாட்டுக் கழகத்தில் ரயில்வேயுடன் மகாராஷ்டிர அரசும் பங்குதாரராகும்.

இம்முறை பரவினால், புறநகர் ரயிலுக்கு எவ்வளவு, கிளைப்பாதைக்கு எவ்வளவு, முதியோர் சலுகைக்கு எவ்வளவு என்று நாடாளுமன்றமும் சட்டமன்றங்களும் விவாதித்து ஒதுக்க இயலும். முதியோருக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் ஓர் ஆணையால் நிறுத்தப்பட்டது. நோய்ப்பரவல் தணிந்த பின்னரும் ஆண்டுக்கணக்கில் அது மீண்டும் வழங்கப்படவில்லை. தனித் தலைப்பில் ஒதுக்கப்படும் தொகையாக அது இருந்திருக்குமாயின், அதனை நீக்குவதற்கும் வாக்கெடுப்பு வேண்டியிருந்திருக்கும். வெளிப்படையான மானியம் வரி செலுத்துவோருக்கு மட்டுமன்றி, அதைப் பெறும் எளிய பயணிக்கும் காப்பாக அமையும்.